பதினோரு நிமிடத்துக்கு ஒரு வல்லூறு

5 ஜனவரி 2025, ஞாயிறு

புது டைரி. என் வீட்டுக்காரர் சேவியர் வண்டி ஓட்டும் ஐஸ் கம்பெனியில் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ஒரு மீன் படம். இன்றைய பக்கத்தில் வஞ்சிரம். நல்ல சகுனம் என்று எழுத வந்தேன். சகுனத்துக்கு ஆதாரம் கிடையாது, அதனால் நல்ல மீன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வெளியே வந்து போனைத் திறந்தால், 'நம்ம பாகூர்' வாட்ஸ்அப் குரூப்பில் ராஜ்மோகன். "இன்று பூமிக்கு மிக அருகில் காஸ்மிக் கதிர்கள் கடக்கின்றன. கைப்பேசியை அணைத்து வைக்கவும். அனைவருக்கும் பகிரவும்." போன வருடமும் இதையே போட்டான். அதற்கு முந்தைய வருடமும். அந்தக் கதிருக்கு நம்ம ஊரை விட்டால் வேறு வழியே தெரியாது போலிருக்கிறது. நான் வழக்கம்போல ஒற்றை வார்த்தைதான் போட்டேன்: "ஆதாரம்?"

அவனும் நானும் பத்தாவது வரை ஒரே வகுப்பு. அவர்கள் நிலத்தில்தான் என் அம்மா இருபது வருடம் நாற்று நட்டு களை எடுத்தாள். இப்போது நான் திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனி லேப்பில் இருக்கிறேன். அவன் அதே நிலத்தில் இருக்கிறான். குரூப்பில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், எல்லாருக்கும் நான் 'ஆதாரம் ஸ்டெல்லா'. சிலர் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். சிலர், இவள் யார் நம்மைக் கேட்க என்கிற தொனியில். அதனால் எனக்கு நானே ஒரு விதி போட்டிருக்கிறேன். மற்றவர்கள் நூறு தப்பு விடலாம், நான் ஒன்றுகூட விடக் கூடாது. இதுவரை விட்டதில்லை.

7 ஜனவரி

பிஎச் மீட்டரைத் துடைத்து, சரிபார்க்கும் கரைசலில் முக்கினேன். கச்சிதமாக 7.00. வாழ்க்கையில் இப்படி ஒருத்தர் கிடைத்தால் போதும் என்று வீட்டில் சொன்னேன். "நான் ஒரு ஆறே முக்கால் வருவனா?" என்று கேட்கிறார் சேவியர்.

9 ஜனவரி

இன்று நான் தரையில் இல்லை. பறவைச் சத்தத்தைக் கேட்டு அது இன்ன பறவை என்று சொல்கிற ஒரு ஆப் இறக்கியிருக்கிறேன். காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போது போனை நீட்டிப் பிடித்தேன். கரிச்சான் என்றது. நிமிர்ந்து பார்த்தால் கரண்ட் கம்பியில் கரிச்சான். மைனா என்றது, மைனா. பக்கத்தில் ஒருவர் ஸ்கூட்டரை உதைத்தார், அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு நியாயமான ஆப்.

எல்லாரும் போனைத் திட்டுகிறார்கள். பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள், கண் கெட்டுப் போகிறது, தூக்கம் கெட்டுப் போகிறது. இருக்கலாம். ஆனால் ஒரு சின்ன ஓட்டையில் நுழையும் காற்றின் நடுக்கத்தை வைத்து, 'இது செம்போத்து' என்று என் உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிறதே. இதற்காக ஒரு நாளாவது அதைக் கும்பிட வேண்டாமா? வில்லியனூர் வருவதற்குள் பன்னிரண்டு பறவை. டிரைவர் ஹாரன் அடிக்காமல் இருந்திருந்தால் பதினாறு வந்திருக்கும்.

14 ஜனவரி, பொங்கல்

குரூப்பில் பொங்கல் வாழ்த்துகள் எண்பத்து மூன்று. எல்லாம் கம்ப்யூட்டர் தானே வரைந்தவை. ஒரு மாட்டுக்கு ஐந்து கால். ஒரு பானைக்குள்ளிருந்தே கரும்பு முளைத்திருக்கிறது. ஒரு படத்தில் பொங்கல் வைக்கிற பெண்ணுக்கு வலது கையில் ஏழு விரல். அம்மா மூக்குக் கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்துவிட்டு, "ஏழு வெரல் இருந்தா நாத்து வெரசா நடலாம்டி" என்றாள்.

எனக்கு அந்த ஐந்து கால் மாட்டைப் பிடித்திருக்கிறது. இது தப்பு என்று பார்த்தவுடனே தெரிகிறது. நாலு கால் சரியாக வரைய அது கற்றுக்கொள்ளும் நாளில்தான் நமக்குப் பிரச்சினை.

18 ஜனவரி, சனி

எழுதக் கை ஓடவில்லை. மெதுவாக. மெதுவாக எழுது ஸ்டெல்லா.

காலையில் பழைய போனில் ஆப்பை ஓட விட்டு, மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாடியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை, அதற்கு இந்தப் பக்கம் ராஜ்மோகன் வயல். மதியம் ஷிப்ட் முடிந்து வந்து எடுத்துப் பார்த்தால் காக்கை, மைனா, தவிட்டுக்குருவி, நடுவில்—

அமூர் வல்லூறு.

ஒரு புறாவை விடச் சின்னப் பறவை. சைபீரியா பக்கம் பிறந்து, நாகாலாந்தில் இறங்கித் தின்று கொழுத்து, இந்தியாவைக் குறுக்கே தாண்டி, அரபிக் கடலை நிற்காமல் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. கடல் மேல் உட்காரக் கிளைகூட இல்லை. ஒரு ஆழாக்கு அரிசி எடைகூட இருக்காது. அது பாகூரில். என் வீட்டுத் தொட்டிக்கு எதிரே.

"இன்னாடி மாடியில குதிக்கிற, தளம் விரிசல் உட்டுடப் போவுது" என்று அம்மா கீழேயிருந்து கத்துகிறாள். குதிக்கத்தான் செய்தேன். முப்பத்தொன்பது வயதில், கம்பெனி ஐடி கார்டு கழுத்தில் ஆட.

19 ஜனவரி, ஞாயிறு

சரிபார்த்தேன். பொறுப்பாகத்தான் செய்தேன். காலை ஆறிலிருந்து பத்து வரை மாடியில் உட்கார்ந்து நானே காதால் கேட்டேன். ஏரிப் பக்கமிருந்து மெல்லிசாக வருகிறது, கீ-கீ-கீ என்று. கண்ணில் மட்டும் படவில்லை. அழகு என்னவென்றால், சரியாகப் பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை கூப்பிடுகிறது. என்ன ஒழுங்கு. என் லேப்பில் ஒருத்தருக்கும் இந்த ஒழுங்கு கிடையாது.

ஜனவரியில் இவை ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று படித்தேன். இது ஏன் இன்னும் இங்கே? ஃபெஞ்சல் புயலில் மாட்டித் தாமதமாகியிருக்கும். காய்ச்சல்கூட வந்திருக்கலாம். பறவைக்குக் காய்ச்சல் வராதா என்ன?

என் சேனல் 'லேப் ஸ்டெல்லா'வில் வீடியோ போட்டுவிட்டேன். முந்நூற்று இருபத்தாறு பேர் பார்க்கிற சேனல். குரூப்பிலும் போட்டேன். ஒரே நிமிடத்தில் ராஜ்மோகன்: "ஆதாரம்?" சத்தத்தை அனுப்பினேன். ஆப் காட்டியதைப் படம் பிடித்து அனுப்பினேன். சத்தத்தைத் திறந்து கேட்கக்கூட நேரமிருந்திருக்காது, அதற்குள் பத்து கைதட்டல் போட்டான். அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு உண்மையான செய்தியை மற்ற குரூப்புகளுக்கு அனுப்பினான்.

20 ஜனவரி

பதினோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கேண்டீனில் எனக்கு மட்டும் இரண்டாவது வடை.

22 ஜனவரி

எல்லாக் கோளும் நேர்கோட்டில் வருகிறதாம், அதனால் பூமி ஆடுமாம். வீடியோ போட்டவர் குரலில் அவ்வளவு சோகம், பூமி அவர் பெயரில் பத்திரம் ஆனது போல. நான் வாய் திறப்பதற்கு முன்பே ராஜ்மோகன் வாய்ஸ் அனுப்பிவிட்டான். "யோவ், இதுக்கெல்லாம் ஆதாரம் இருக்குதா? நம்ம ஸ்டெல்லா ஆதாரத்தோட பறவ காட்டுதில்ல, அந்த மாரி காட்டு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருட்டியதும் மாடியில், நான் வாங்கிய புது பைனாகுலரில் மேற்கே வெள்ளி, தலைக்கு மேலே வியாழன், கிழக்கே சிவப்பாக செவ்வாய். அம்மா வியாழனைப் பார்த்துவிட்டு, "பக்கத்துல ரெண்டு புள்ளி இருக்குதே" என்றாள். அவை அதன் நிலாக்கள். அறுபத்தேழு வயதில் என் அம்மா வேறொரு கோளின் நிலாவைப் பார்த்துவிட்டு, சீரியலுக்கு நேரமாச்சு என்று இறங்கிப் போனாள்.

26 ஜனவரி, ஞாயிறு

இன்று என் பறவையைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். டேனியல் என்று புதுச்சேரியில் பறவை பார்க்கிறவர், கூட மூன்று பேர், பீரங்கி மாதிரி லென்ஸ்கள். ராஜ்மோகன் வெள்ளை வேட்டி கட்டி வரப்பு முனையில் நின்று வரவேற்றான். டீ, பன், ஆளுக்கொரு நாற்காலி. 'வல்லூறு வந்த வயல்' என்று ஃப்ளெக்ஸ் வேறு. அதில் போட்டிருந்தது கழுகுப் படம். சொல்ல மனசு வரவில்லை.

புயலில் அவனுடைய மூன்று காணி முழுகி, மிஞ்சியது ஒரு காணி. அந்த ஒரு காணியில் கதிர் பழுத்து நிற்கிறது. இரண்டு மாதமாக அவன் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்று ஒவ்வொருவருக்கும் சொல்கிறான், "அது சைபீரியாவுலேருந்து நேரா என் நெலத்துக்கு வந்துருக்குது சார்."

காலை ஆறிலிருந்து பத்து வரை நின்றோம். ஒரு கீ இல்லை. நேற்று வரை கேட்டது. பதினோரு நிமிடம் எத்தனை முறை போயிற்று என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

டேனியல் கிளம்பும்போது தன்மையாகத்தான் கேட்டார். "ஜனவரியில அமூர் வல்லூறு... கொஞ்சம் லேட்டு இல்லீங்களா? ரெகார்டிங் எல்லாம் அனுப்புங்க, கேட்டுப் பாக்குறன்." அனுப்புகிறேன் என்றேன். எனக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது?

அம்மாவுக்கு வேறு கவலை. "இருவது வருசம் அதே வரப்புல நின்னன். ஒருத்தனும் எனக்கு நாக்காலி போடல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

29 ஜனவரி

காலை 6.23க்கு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட். மாடியிலிருந்து வடக்கே ஒரு ஆரஞ்சுப் புள்ளி பார்த்தேன். நிச்சயமாகப் பார்த்தேன். "அது செல்போன் டவர் லைட்டு" என்கிறார் சேவியர். இல்லவே இல்லை. இருக்குமோ?

1 பிப்ரவரி, சனி

இருமல்.

டேனியலுக்கு அனுப்ப எல்லா ரெகார்டிங்கையும் கம்ப்யூட்டரில் போட்டேன். சத்தத்தைக் கோடு கோடாகப் படமாகக் காட்டுமே, அதில் பதினெட்டாம் தேதி கூவலையும் இருபத்து மூன்றாம் தேதி கூவலையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தேன். அழகாகப் பொருந்தியது. ரொம்ப அழகாகப் பொருந்தியது. ஒரு பறவை ஐந்து நாள் கழித்து ஒரு புள்ளி பிசகாமல் அதே மாதிரி கூவுமா? சத்தத்தைக் கூட்டினேன். கீ-கீ-கீ. பிறகு கொஞ்சம் காற்று. பிறகு ஒரு ஆண், அடித்தொண்டையில், 'ஹ்க்கும்'.

இருபத்து நான்காம் தேதி ரெகார்டிங். ஹ்க்கும். இருபத்தைந்து. ஹ்க்கும். எங்கேயோ எந்தக் காட்டிலோ மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு அன்றைக்குச் சளி. அவர் பாகூரில் பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை இருமிக்கொண்டிருக்கிறார்.

காய்ச்சல் என்று எழுதினேனே. பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. 'பறவைக்குக் காய்ச்சல் வராதா என்ன?' கடவுளே. இதையே ராஜ்மோகன் எழுதியிருந்தால் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. சத்தம் வரும் திசையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். பதினோரு நிமிடம் நிற்பது, சத்தம் கேட்டதும் நடப்பது, மறுபடி நிற்பது. ராஜ்மோகன் வயலின் கோடியில் ஒரு பனைமரம். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு யூரியா சாக்கு கட்டியிருந்தது. சாக்குக்குள் ஸ்பீக்கர், பேட்டரி, பென் டிரைவ்.

"இன்னா ஸ்டெல்லா, பனமரத்துல இன்னா ஆராய்ச்சி?" பின்னால் அவன்தான் நின்றான்.

"இது இன்னா ராஜ்மோகன்?"

நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "குருவி வெரட்ற சத்தம். நெட்டுல எறக்குனன். யார்கிட்டயும் சொல்லாத. எல்லாரும் வச்சா குருவிங்க பழகிடும். நான் மட்டும் வச்சா அது பக்கத்து நெலத்துக்கு பூடும்."

"பக்கத்து நெலம் சிவப்பிரகாசம் அண்ணனோடது."

"அவருக்கு ரெண்டர காணி தேறிடிச்சி இல்ல."

அப்போது தலைக்கு மேலே கீ-கீ-கீ. ஹ்க்கும். சாக்கைக் கையால் காட்டினேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவன் முகம் சின்னதாகிப் போயிற்று.

"அப்ப அது வரவே இல்லியா?"

"இல்ல."

"அன்னிக்கி அவங்க வந்தப்ப சத்தமே வரலியே?"

"ஏன் வரல?"

கொஞ்சம் யோசித்தான். "நான்தான் ஆஃப் பண்ணன். விருந்தாளிங்க வர்ற நேரத்துல இது கத்திகினு இருந்தா அசிங்கமில்ல?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் சிரிக்கவில்லை. ஃப்ளெக்ஸைப் பார்த்துக்கொண்டே நின்றான். "குரூப்ல போடாத ஸ்டெல்லா. எனக்கு மானம் பூடும், உனக்கும் பூடும். நீயும் நானும் வாய மூடினா முடிஞ்சிது. யாரு ஆதாரம் கேக்கப் போறா? கேக்கறவளே நீதான்."

சரியாகத்தான் சொன்னான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கேக்கறவளே நான்தான். அப்ப நானே மூடிக்கினா? அம்மா வேல செஞ்ச நெலத்துக்காரங்ககிட்ட இத்தினி வருசமா ஆதாரம் ஆதாரம்னு கேட்டதெல்லாம் இன்னா, சும்மா ஜம்பமா?

3 பிப்ரவரி

போட்டுவிட்டேன். பஸ்ஸில், வில்லியனூர் தாண்டியதும்.

"நான் சொன்ன அமூர் வல்லூறு பறவை இல்லை. குருவி விரட்டும் ஸ்பீக்கர். ஆப் சரியாகத்தான் கேட்டது, நான்தான் சரிபார்க்கவில்லை. ஜனவரியில் எப்படி என்று சந்தேகம் வந்தபோது காரணம் கண்டுபிடித்தேனே தவிர, உண்மையைத் தேடவில்லை. தவறு என்னுடையது. ஆதாரம் இணைப்பில்." இணைப்பில் இருமல்.

யாருடைய ஸ்பீக்கர் என்று எழுதவில்லை. ஒன்பது நிமிடம்தான். சிவப்பிரகாசம் அண்ணன்: "அப்ப குருவியெல்லாம் எங்க நெலத்துக்கு ஓட்டி உட்டது யாரு?" மதியத்துக்குள் பனைமரமும் யூரியா சாக்கும் போட்டோவாகக் குரூப்பில். 'ராஜ்மோகன் வெளியேறினார்' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி. யாரோ எனக்கு 'சேதாரம் ஸ்டெல்லா' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். இருபத்தேழு பேர் சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்தேன், அப்புறம் பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டேனியலுக்கும் எழுதினேன். பதில்: "நான் ஒரு வாட்டி பிளாஸ்டிக் கவரை ஒரு மணி நேரம் கொக்குன்னு பாத்தவன்ங்க. வுடுங்க."

பழைய வீடியோவை அழிக்கவில்லை. தலைப்பில் 'தவறு' என்று சேர்த்தேன். மன்னிப்பு வீடியோவைத் தொண்ணூற்று மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். பொய்க்குப் பதினோராயிரம், உண்மைக்குத் தொண்ணூற்று மூன்று. இணையத்தைப் பற்றி இனிமேல் நான் தனியாகக் கருத்து எழுத வேண்டியதில்லை.

9 பிப்ரவரி

காஸ்மிக் கதிர் மறுபடி வந்தது, வேறு ஒருவர் போட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

ராஜ்மோகன் வயலில் மிஷின் இறங்கி அறுத்துவிட்டது. மாடியிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன், வரப்பில் நிற்கிறான். கையசைக்கலாமா என்று நினைத்தேன். பைனாகுலரில் பார்க்கிறவள் கையசைத்தால் எதிரே இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அறிவியல் தெரிந்தவளாம்.

23 பிப்ரவரி

சேவியர் கொண்டு வந்த சேதி. நல்லவாட்டு மீனவர் குப்பத்திலிருந்து வண்டி திரும்பும்போது கேட்டாராம், கீ-கீ-கீ, ஹ்க்கும். இந்தத் தடவை சிவப்பிரகாசம் அண்ணன் நிலத்தில். அவருடைய அறுப்பு இன்னும் பத்து நாளில். ஸ்பீக்கரை ராஜ்மோகனே கொண்டு போய்க் கட்டிக் கொடுத்தானாம். "இருமறவருக்கு டிரான்ஸ்பர் ஆயிடிச்சி" என்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். மூன்று வாரம் கழித்துச் சிரிப்பது இன்றைக்குத்தான்.

2 மார்ச், ஞாயிறு

பக்கத்தின் மேலே நெத்திலி. சின்ன மீன், பெரிய நாள்.

காலை ஏழு மணிக்கு குரூப்பில் சாம்பல் வரி: 'சிவப்பிரகாசம், ராஜ்மோகனைச் சேர்த்தார்.' அதற்குக் கீழே ராஜ்மோகனிடமிருந்து ஒரு ஆடியோ. ஒரு நிமிடம் நாற்பது நொடி. எழுத்தில் ஒன்றுமில்லை. திட்டப் போகிறான் என்று நினைத்து அடுப்படியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் திறக்கவில்லை. "தெறந்துதான் பாரேன், கடிக்கவா போவுது" என்றாள் அம்மா.

திறந்தேன். அறுத்த வயல். விடிகாலை. யாரும் பேசவில்லை. பழைய போனை எடுத்து ஆப்பை ஓட விட்டுப் பக்கத்தில் வைத்தேன். மைனா. கரிச்சான். செம்போத்து. தவிட்டுக்குருவி. பனங்காடை. மீன்கொத்தி. சில்லை, கும்பலாக. மடையான். காக்கை. ஒன்பது. அதில் ஒன்றுகூட எந்தக் கடலையும் தாண்டி வந்ததில்லை. தினம் இங்கேயே கிடப்பவை, ஸ்பீக்கருக்குப் பயந்து ஒரு மாதம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தவை.

கடைசியில் கொஞ்சம் காற்று. பிறகு, போனுக்கு ரொம்பப் பக்கத்தில், 'ஹ்க்கும்'.

பிறகு குரல். "கடசில இருமனது நான்தான். செக் பண்ணிக்க."

மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை இருமலுக்காக மட்டும். பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பார்க்கிற மாதிரி குரூப்பில் பட்டியலைப் போட்டேன். மைனா நான்கு, கரிச்சான் இரண்டு, சில்லை முப்பதுக்கு மேல் என்று ஒவ்வொன்றாக. பத்தாவது வரியில்: ராஜ்மோகன், ஒன்று. நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

"வா, டீ போட்டு வக்கிறன்" என்று பதில். "உங்கம்மாவயும் இட்டுகினு வா. நாக்காலி இருக்குது."

அம்மா புடவை மாற்றிக்கொண்டிருக்கிறாள். பைனாகுலரை எங்கே வைத்தேன்?